கையெழுத்துப் போடாதவர்கள்

வணிகக் கப்பலில் வேலைக்குச் சேருகிறவன் ஏணியேறிப் போய், பையை அறையில் போட்டதும் முதலில் செய்கிற காரியம் கேப்டன் முன்னால் கையெழுத்துப் போடுவது. அந்த ஒப்பந்தத் தாளுக்கு 'ஆர்ட்டிகிள்ஸ்' என்று பெயர். சம்பளம் எவ்வளவு, எத்தனை மாதம், எந்தத் துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். 'சைன் ஆன்' என்று நாங்கள் சொல்வது இதைத்தான். பதினேழு வருடக் கப்பல் வாழ்க்கையில் எத்தனை தடவை அப்படிக் கையெழுத்துப் போட்டேன் என்று நான் எண்ணியதில்லை. வீட்டு நினைப்பு தொண்டையில் நிற்கும், பேனா ஓடும், வேலை தொடங்கிவிடும்.

முந்நூறு வருடத்துக்கு முந்தைய கடற்கொள்ளையர்களிடமும் இதே பெயரில் ஒரு தாள் இருந்தது என்று படித்த அன்று எனக்குத் தூக்கம் சரியாக வரவில்லை. கொள்ளையில் யாருக்கு எத்தனை பங்கு, சண்டையில் கை கால் போனால் எவ்வளவு ஈடு, காசு வைத்துச் சூதாடலாமா கூடாதா என்பதையெல்லாம் அதில் எழுதி வைத்திருந்தார்கள். புதிதாகச் சேருகிறவன் அதில் கையெழுத்திட வேண்டும். பிடித்துக்கொண்டு வரப்பட்டவன் முன்னாலும் அந்தத் தாளை நீட்டுவார்கள். பக்கத்தில் துப்பாக்கி இருக்கும். பின்னால் கடற்படையிடம் பிடிபட்டால், "நீ போட்டாயா இல்லையா, போட்டால் மனமாரப் போட்டாயா?" என்பதுதான் கேள்வி. அதற்கு என்ன பதில் சொல்ல முடியும், யார் அதை நம்பினார்கள் என்று தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். படித்ததில் மனத்தை விட்டுப் போகாத சிலரைப் பற்றி இங்கே எழுதுகிறேன்.

1717 ஏப்ரல் 26 இரவு, அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் கரையில், கேப் காட் பக்கம், 'விடா' என்ற கப்பல் புயலில் சிக்கி உடைந்தது. அடிமை வியாபாரத்துக்காகக் கட்டப்பட்டு, சாமுவேல் பெல்லாமி என்ற கொள்ளைத் தலைவன் கைக்குப் போன கப்பல் அது. ஏறக்குறைய நூற்றைம்பது பேரில் கரை சேர்ந்தவர்கள் இரண்டே பேர். ஒருவன் தாமஸ் டேவிஸ், வேல்ஸ் நாட்டுத் தச்சன். இன்னொருவன் ஜான் ஜூலியன், மத்திய அமெரிக்காவின் மிஸ்கிட்டோ இனத்துப் பையன். பெல்லாமியின் ஆட்கள் அன்று காலையில் பிடித்திருந்த இன்னொரு சிறு கப்பலும் அதே இரவில் கரை தட்டியது. அதில் இருந்த கொள்ளைக் கூட்டத்தாரில் ஏழு பேர் பிழைத்தார்கள்.

டேவிஸ் 'செயின்ட் மைக்கேல்' என்ற வணிகக் கப்பலில் தச்சனாக இருந்தவன். 1716 டிசம்பரில் அந்தக் கப்பலைப் பெல்லாமி பிடித்தபோது, சரக்கோடு சேர்த்து அவனையும் வைத்துக்கொண்டார்கள். மரக்கப்பல் ஓயாமல் பழுது கேட்கும். கொள்ளைக்காரன் எந்தத் துறைமுகத்துக்கும் போய் அதைச் சரிசெய்ய முடியாது. எங்கள் தூத்துக்குடிப் பக்கம் தோணி கட்டுகிற தச்சரை ஓடாவி என்போம். ஓடாவி கை படாத தோணி எத்தனை நாள் தாங்கும் என்று அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். சாதாரண மாலுமிகளில் பலர் கொள்ளைக் கப்பலுக்குத் தாமாகவே வந்து சேர்ந்தார்கள். வணிகக் கப்பல்களில் அடியும் பட்டினியும் அப்படி. தச்சன், வைத்தியன், பீப்பாய் செய்கிறவன், கப்பலைத் திசை பார்த்து ஓட்டத் தெரிந்தவன், இவர்களைத்தான் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. தொழில் தெரிந்ததே அவர்களுக்கு வினையாக முடிந்தது.

டேவிஸ் கெஞ்சினான். அடுத்த கப்பல் கிடைத்ததும் விட்டுவிடுகிறேன் என்று பெல்லாமி வாக்குக் கொடுத்தான். சில வாரத்தில் 'விடா' கிடைத்தது. டேவிஸ் போய் வாக்கை நினைவூட்டினான். பெல்லாமி கூட்டத்தாரைக் கேட்டான். தச்சனை விடுவதற்குப் பதில் சுட்டுப் போடலாம், இல்லை பாய்மரத்தில் கட்டி அடித்தே கொல்லலாம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். வாக்கு அத்தோடு போயிற்று.

அந்த வருடம் அக்டோபரில் பாஸ்டனில் விசாரணை நடந்தது. அதற்கு முன்பெல்லாம் ஆங்கிலேயர் கடற்கொள்ளை வழக்குகளை லண்டனில்தான் விசாரித்தார்கள். 1536 சட்டப்படி அங்கே ஜூரி உண்டு. தொலைதூரக் குடியேற்றங்களிலிருந்து கைதிகளையும் சாட்சிகளையும் லண்டனுக்கு ஏற்றி அனுப்புவது பெரும்பாடு என்று 1700இல் ஒரு புதிய சட்டம் கொண்டுவந்தார்கள். அதன்படி குடியேற்றங்களிலேயே குறைந்தது ஏழு ஆணையர் உட்கார்ந்து விசாரித்துத் தூக்கிலிடலாம், ஜூரி தேவையில்லை. ஆளுநர், கடற்படை அதிகாரி, பெரிய வியாபாரி என்று கொள்ளையால் நட்டப்பட்ட தரப்பாரே பெரும்பாலும் அந்த ஆணையர்களாக இருந்தார்கள்.

பாஸ்டனில் கூண்டில் நின்றவர்கள் எட்டுப் பேர். பலவந்தமாகச் சேர்த்தார்கள் என்பதுதான் அவர்களின் பதிலாக இருந்தது. ஆறு பேரை நவம்பர் 15 அன்று தூக்கிலிட்டார்கள். இரண்டு பேர் விடுதலை. இருவருமே தச்சர்கள், இருவருமே 'செயின்ட் மைக்கேல்' கப்பலிலிருந்து பிடிக்கப்பட்டவர்கள். மற்ற கப்பலில் இருந்து பிழைத்த தாமஸ் சவுத் ஆயுதம் இல்லாமல் இருந்ததைப் பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள். டேவிஸுக்கு அவனுடைய பழைய கேப்டனின் வாக்குமூலம் கிடைத்தது. விடுதலை என்று சொன்னதும் டேவிஸ் முழந்தாளிட்டு நன்றி சொன்னான். தக்க புத்திமதி சொல்லி அனுப்பி வைத்தார்கள் என்று வழக்குப் பதிவு முடிகிறது. மாதக்கணக்கில் கைதியாக இருந்து, நூற்றைம்பது பேர் மூழ்கிய கடலிலிருந்து நீந்திக் கரையேறி, பிறகு ஆறு மாதத்துக்கு மேல் சிறையில் கிடந்தவனுக்குப் புத்திமதி! அந்த வரியை நான் எத்தனை முறை படித்தாலும் ஆத்திரம் வருகிறது.

தூக்கில் தொங்கிய ஆறு பேரில் எத்தனை பேர் உண்மை சொன்னார்கள்? அவர்களுடைய பழைய கேப்டன் யாரும் பாஸ்டன் பக்கம் இல்லை. ஒருவன் பிரெஞ்சுக்காரன், அவனுடைய பேச்சை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது.

கரை சேர்ந்த இன்னொருவனை நான் மறக்கவில்லை. அந்த மிஸ்கிட்டோ பையனைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

ஐந்து வருடம் கழித்து ஆப்பிரிக்காவில் நடந்தது மிகப் பெரிய விசாரணை. 1722 பிப்ரவரி 10 அன்று, கேப் லோபஸ் அருகே, பிரிட்டிஷ் கடற்படையின் 'சுவாலோ' கப்பல் பார்த்தலோமியோ ராபர்ட்ஸை வீழ்த்தியது. மூன்று வருடத்துக்குள் நூற்றுக்கணக்கான கப்பல்களைப் பிடித்தவன் அவன். அந்தச் சண்டையில் குண்டு பட்டுச் செத்தான். அவனுடைய ஆட்களை இன்றைய கானா நாட்டில் உள்ள கேப் கோஸ்ட் கோட்டைக்குக் கொண்டுபோனார்கள். மார்ச் 28 அன்று விசாரணை தொடங்கியது. நூற்று அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் கூண்டில் ஏறினார்கள். 52 பேருக்குத் தூக்கு. 74 பேர் விடுதலை. வேறு சிலரை, அந்தக் கோட்டையை வைத்திருந்த கம்பெனிக்காக ஏழு வருடம் உழைக்கச் சொன்னார்கள். இன்னும் சிலரை லண்டன் சிறைக்கு அனுப்பினார்கள்.

முதல் நாளே நீதிமன்றம் ஒரு சிக்கலை உணர்ந்தது. அத்தனை பேருக்கும் அத்தனை கொள்ளைக்கும் தனித்தனிச் சாட்சி கிடைக்காது. கையெழுத்துத் தாள் இருந்தால் வேலை சுலபம். ஆனால் அசலைக் கொள்ளையர்கள் பிடிபடும் முன்பே கடலில் வீசிவிட்டார்கள். ஆகவே மூன்று கேள்விகளை அளவுகோலாக வைத்தார்கள். தொடக்கத்தில் தானாக வந்து சேர்ந்தானா? ஏதாவது ஒரு கப்பலைப் பிடிக்கும்போது தானாகப் போனானா? கொள்ளையில் மனமொப்பிப் பங்கு வாங்கினானா? மூன்றில் ஒன்று உறுதியானாலும் போதும், குற்றவாளி.

படிக்கும்போது நியாயமாகத்தான் தெரிகிறது. ஆனால் கப்பலில் வாழ்ந்தவன் என்ற முறையில் எனக்கு அங்கேதான் இடறுகிறது. கப்பல் என்பது தப்பி ஓட வாசல் இல்லாத வீடு. அதில் நூறு பேர் ஒரு காரியம் செய்யும்போது ஒருவன் தனியாக முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றால் அவனை மூன்றாம் நாள் மீன் தின்னும். பங்கு வேண்டாம் என்றால் சந்தேகப்படுவார்கள். படகில் ஏற மாட்டேன் என்றால் அடி விழும். உயிர் தப்ப வேண்டுமானால் மனத்தை மறைத்துத்தான் ஆக வேண்டும். கரைக்கு வந்தபின் நீதிமன்றம் கேட்பதோ, மறைத்த மனத்தை அப்போதே யாரிடம் காட்டினாய் என்று.

நீதிபதிகள் பக்கமும் ஒன்று உண்டு, அதையும் சொல்ல வேண்டும். பிடிபட்ட கப்பலின் மாலுமிகளில் சிலர், தங்கள் கேப்டன் பார்க்கும்படி தங்களைப் பிடித்து இழுத்துப் போகச் சொல்லிக் கொள்ளையரிடமே ரகசியமாகக் கேட்டுக்கொண்டார்கள். நாளைக்குச் சாட்சி சொல்ல ஆள் வேண்டுமே! அதுபோக, ராபர்ட்ஸே 1719இல் ஓர் அடிமைக் கப்பலிலிருந்து பிடித்து வரப்பட்டவன்தான். முதலில் தயங்கியவன், ஆறு வாரத்தில் தலைவனாகத் தேர்ந்தெடுக்கப்பட்டான். நிர்ப்பந்தத்தில் ஏறியவன் எந்த நாளில் அந்தக் கப்பலைத் தன் கப்பலாக நினைக்கத் தொடங்கினான் என்பதை அவனாலேயே சொல்ல முடியுமா என்று தெரியவில்லை.

அந்த விசாரணையில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர்கள் இரண்டு வாத்தியக்காரர்கள். நிக்கலஸ் பிராட்டில், ஜேம்ஸ் வைட். பிராட்டில் பிடில் வாசிக்கிறவன். கொள்ளையருக்குப் பாட்டு வேண்டும், அதற்காகவே பிடித்து வைத்திருந்தார்கள். களைப்பாக இருக்கிறது, இன்று முடியாது என்று சொன்னால் பிடில் உடையும், சில சமயம் மண்டையும் உடையும். சண்டை நேரத்திலும் பின்தளத்தில் நின்று வாசிக்க வேண்டும். நீதிமன்றம் இவர்களை விடுவித்தது. சண்டை நடக்கும்போது வாசித்தது கொள்ளைக்கு உதவி ஆகாதா என்று அங்கே யாராவது அழுத்திக் கேட்டிருந்தால் இவர்களும் தொங்கியிருப்பார்கள். இவர்கள் அடிவாங்கியது ஊரறிய நடந்தது. எல்லோரும் பார்த்தார்கள், சொன்னார்கள். வெளியே தெரிந்த காயம் இவர்களைக் காப்பாற்றியது.

ஹாரி கிளாஸ்பி என்று இன்னொருவர். ராபர்ட்ஸின் கப்பலைத் திசை பார்த்து ஓட்டிய மாஸ்டர். அவர் இல்லாமல் அந்தக் கப்பல் எங்கேயும் போயிருக்க முடியாது, அந்தக் கணக்கில் எல்லாக் கொள்ளைக்கும் அவர் உடந்தைதான். ஆனால் அவர் ஒருமுறை இரண்டு பேரோடு ஓடிப்போகப் பார்த்துப் பிடிபட்டார். கொள்ளையரே நீதிமன்றம் கூட்டி விசாரித்தார்கள். மற்ற இருவரையும் சுட்டுக் கொன்றார்கள். ஒரு கொள்ளைக்காரன் எழுந்து இவருக்காகப் பிடிவாதமாக நின்றதால் கிளாஸ்பி பிழைத்தார். கேப் கோஸ்டில், அவரிடம் அகப்பட்ட கப்பல்களின் ஆட்களே வந்து, எங்களுக்கு அவர் இரக்கம் காட்டினார் என்றார்கள். விடுதலை. ஆக, ஒரே மனிதன் இரண்டு நீதிமன்றத்தில் நின்றிருக்கிறான். முதல் நீதிமன்றத்தில் அவன் கொள்ளைக்காரனாக இருக்க மறுத்தது குற்றம், இரண்டாவதில் கொள்ளைக்காரனாக இருந்தது குற்றம். முதல் வழக்கில் அவன் குற்றவாளி என்று தீர்ந்ததே இரண்டாவதில் அவனை மீட்டது.

வைத்தியர்களிடம் பொதுவாகக் கையெழுத்துக் கேட்க மாட்டார்கள். பீட்டர் ஸ்கடமோர் என்ற வைத்தியர் தானே முன்வந்து கையெழுத்திட்டு, நான்தான் முதல் ஆள் என்று பெருமையும் பேசினார். அவரைத் தூக்கிலிட்டார்கள். அதில் எனக்கு வருத்தம் இல்லை.

அமெரிக்கக் கரையில் அதே 1722 ஜூன் மாதம். மார்பிள்ஹெட் என்ற மீனவ ஊர்ப் பையன்கள் மீன்பிடித்துவிட்டு நோவா ஸ்கோஷியாவில் ஒரு துறையில் ஒதுங்கியிருந்தார்கள். நெட் லோ என்ற கொள்ளைக்காரன் வந்து பிடித்தான். கொடுமைக்குப் பேர்போனவன் அவன். பிலிப் ஆஷ்டன், அவனுடைய உறவுக்காரன் நிக்கலஸ் மெரிட், ஜோசப் லிபி ஆகியோர் அகப்பட்டவர்களில் மூன்று பேர். லோ பிஸ்டலை நீட்டிக்கொண்டு, கல்யாணம் ஆனவனா என்று கேட்டான். குடும்பம் இல்லாதவனையே அவன் விரும்பினான், குடும்பஸ்தன் ஓடிப்போகப் பார்ப்பான் என்று. ஆஷ்டன் கையெழுத்துப் போட மறுத்தான். அடி விழுந்தது, மறுத்தான்.

அந்தத் துறையிலேயே ஒரு நாள். லோவின் நாயைக் கரையில் மறந்து விட்டு வந்துவிட்டார்கள். நாயைக் கூட்டி வருகிறோம் என்று இரண்டு பையன்கள் படகில் குதித்துப் போனார்கள், திரும்பவே இல்லை. ஆஷ்டனும் அதில் ஏறப் பார்த்தான், முடியவில்லை. இவனும் அந்தச் சதியில் சேர்த்தி என்று, கொள்ளைக் கப்பலில் தலைவனுக்கு அடுத்த ஆளான குவார்ட்டர்மாஸ்டர் அவன் தலையில் துப்பாக்கி வைத்து விசையை இழுத்தான். வெடிக்கவில்லை. மறுபடி இழுத்தான், மறுபடியும். வெடிக்கவில்லை. கடல் பக்கம் திருப்பி இழுத்தபோது வெடித்தது.

ஒன்பது மாதம் கழித்து, 1723 மார்ச் 9 அன்று, ஹோண்டுராஸ் பக்கம் ரோட்டான் தீவில் தண்ணீர் பிடிக்கப் படகு போயிற்று. ஆஷ்டனையும் ஏற்றிக்கொண்டார்கள். தேங்காய் பொறுக்குகிறேன் என்று மெதுவாக நடந்தவன் காட்டுக்குள் ஓடிவிட்டான். காலில் செருப்பில்லை, கையில் கத்தியில்லை, நெருப்பில்லை. பழமும் பச்சை ஆமை முட்டையும் தின்று தனியே கிடந்தான். 1725 மே 1 அன்று வீடு வந்து சேர்ந்தான். மெரிட்டும் வேறு வழியில் தப்பி ஊர் வந்தான்.

லிபி தப்பவில்லை. லோவின் கூட்டத்தில் ஒரு கப்பலை 1723 ஜூனில் கடற்படையின் 'கிரேஹவுண்ட்' பிடித்தது. ஜூலையில் நியூபோர்ட்டில் விசாரணை. அக்காலத்தில் பிடித்து வைக்கப்பட்ட மாலுமியின் வீட்டாரோ கேப்டனோ பாஸ்டன் பத்திரிகையில் ஓர் அறிவிப்புப் போடுவது வழக்கம்: இன்னாரைக் கொள்ளையர் பலவந்தமாகக் கொண்டுபோனார்கள், அவன் மனமொத்துப் போகவில்லை என்று. லிபியும் அப்படியோர் அறிவிப்பைக் காட்டினான். ஆனால் சாட்சிகள் அவனைச் சுறுசுறுப்பான ஆள் என்றார்கள். பிடிபட்ட கப்பல்களில் ஏறிச் சூறையாடினான், சுட்டான் என்றார்கள். ஜூலை 19 அன்று 26 பேரை ஒரே நாளில் தூக்கிலிட்டார்கள். லிபிக்கு வயது 21.

ஒரே ஊர், ஒரே துறையில் பிடிபட்டவர்கள். ஒருவன் தீவில் முட்டை தின்று பிழைத்தான், ஒருவன் கயிற்றில் போனான். லிபி ஒரு கட்டத்தில் மனம் மாறிக் கொள்ளைக்காரன் ஆகிவிட்டானா? அல்லது சுறுசுறுப்பாக இருப்பதுதான் அடி வாங்காமல் இருக்க வழி என்று கண்டுகொண்டானா? நானும் பயந்த நாட்களில் மற்றவர்களைவிட வேகமாக வேலை செய்திருக்கிறேன். ஆஷ்டனைப் போல மூன்று முறை தலையில் விசை இழுபட்ட பிறகும் மறுக்கிற நெஞ்சு எத்தனை பேருக்கு வரும்? அந்த நெஞ்சு இல்லாதவனுக்குத் தூக்கு என்றால், அது மிகக் கடுமையான சட்டம்.

சந்தேகமே இல்லாமல் மனத்தைக் காட்ட ஒரு வழி இருந்தது. ஜான் ஃபில்மோர் என்ற இளைஞனை 1723 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து பக்கம் ஜான் பிலிப்ஸ் என்ற கொள்ளைக்காரன் பிடித்து வைத்திருந்தான். எட்டு மாதம் கழித்து, எட்வர்ட் சீஸ்மன் என்ற தச்சனோடும் ஆண்ட்ரூ ஹாரடைன் என்ற கேப்டனோடும் ரகசியமாகப் பேசிக்கொண்டான். 1724 ஏப்ரலில் ஒரு நாள், தச்சு வேலை நடக்கிறது என்று கோடரியையும் மற்ற கருவிகளையும் மேல்தளத்தில் பரப்பி வைத்தார்கள். சைகை கிடைத்ததும் ஒருவனைத் தூக்கிக் கடலில் போட்டார்கள், ஒருவன் மண்டையைக் கோடரியால் பிளந்தார்கள், பிலிப்ஸையும் வெட்டிக் கொன்றார்கள். கப்பலைப் பாஸ்டனுக்கு ஓட்டி வந்தார்கள், பிலிப்ஸின் தலையை உப்பில் ஊறவைத்துக் கொண்டுவந்தார்கள். அப்படி வந்தவர்களையும் மே மாதம் கடற்கொள்ளைக் குற்றம் சாட்டிக் கூண்டில்தான் ஏற்றினார்கள்! பிறகு விடுவித்தார்கள். அந்தக் கூட்டத்தில் இரண்டு பேரை ஜூன் 2 அன்று தூக்கிலிட்டார்கள். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதியான மில்லர்ட் ஃபில்மோர் இந்த ஜான் ஃபில்மோரின் கொள்ளுப்பேரன்.

இனி, கூண்டில்கூட ஏற்றப்படாதவர்கள்.

ராபர்ட்ஸின் கப்பல்களில் பிடிபட்டவர்களில் சுமார் எழுபது பேர் ஆப்பிரிக்கர்கள். அவர்களில் எவரையும், நீ தானாக வந்தாயா, பலவந்தமாக வந்தாயா என்று யாரும் கேட்கவில்லை. நேராக அடிமையாக விற்றார்கள். விசாரணை நடந்த கேப் கோஸ்ட் கோட்டை எது தெரியுமா? ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனியின் அடிமைக் கோட்டை. கீழே இருட்டறைகளில் மனிதர்களை அடைத்து வைத்துக் கப்பல் ஏற்றுவார்கள். நீதிபதிகளில் கடற்படை அதிகாரிகள் போக மீதிப்பேர் அந்தக் கம்பெனியின் ஆட்கள். மேலே உட்கார்ந்து, ஒரு பிடில்காரனை அவன் விருப்பத்துக்கு மாறாகக் கப்பலில் வைத்திருந்தது உண்மைதானா என்று அக்கறையோடு விசாரித்தவர்கள் அவர்கள்தான். காலடியில் நூற்றுக்கணக்கானவர்கள் விருப்பத்துக்கு மாறாகக் கப்பலுக்குக் காத்திருந்தார்கள்.

கொள்ளையரும் ஒன்றும் நல்லவர்கள் கிடையாது. 1722 ஜனவரியில், மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் விடா என்ற ஊரின் துறையில், மீட்புப் பணம் தர மறுத்த ஒரு கேப்டனின் கப்பலுக்கு ராபர்ட்ஸின் ஆட்கள் தீ வைத்தார்கள். உள்ளே 80 அடிமைகள் ஜோடி ஜோடியாக விலங்கில் இருந்தார்கள்.

ஜான் ஜூலியனும் அப்படித்தான். 'விடா' உடைந்த இரவில் டேவிஸோடு கரையேறிய அந்த மிஸ்கிட்டோ பையன். டேவிஸைக் கேட்ட கேள்வியை அவனிடம் கேட்கவே இல்லை. விசாரணை இல்லை, தண்டனையும் இல்லை, அடிமையாக விற்றுவிட்டார்கள். டேவிஸுக்குக் கிடைத்த புத்திமதியை நினைத்து ஆத்திரப்பட்டேன் என்றேனே, ஜூலியன் பெயரைப் படித்தபோது அந்த ஆத்திரமே எனக்குச் சின்னதாகப் போய்விட்டது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1860 இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 94ஆம் பிரிவு. இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவில் 32ஆம் பிரிவாக இருக்கிறது. அச்சுறுத்தலுக்கு அஞ்சி ஒருவன் செய்த காரியம் குற்றமாகாது என்கிறது அது. கொலைக்கும், மரண தண்டனைக்குரிய தேசவிரோதக் குற்றங்களுக்கும் இந்த விலக்குப் பொருந்தாது. அச்சுறுத்தல் என்பது அந்தக் கணமே உயிர் போகும் என்ற பயமாக இருக்க வேண்டும். அடிப்பார்கள் என்று பயந்து, இன்னார் என்று தெரிந்தே கொள்ளைக் கூட்டத்தில் சேர்ந்தவனுக்கு இது கிடையாது. பிறகு ஓர் உதாரணம் வருகிறது: கொள்ளையர் ஒரு கொல்லனைப் பிடித்து, உயிருக்கு மிரட்டி, அவன் கருவிகளாலேயே ஒரு வீட்டுக் கதவை உடைக்க வைத்தால், அந்தக் கொல்லனுக்கு விலக்கு உண்டு. முதன்முதலாக அதைப் படித்தபோது எனக்கு டேவிஸ்தான் நினைவுக்கு வந்தான். கருவிப் பையோடு நிற்கிற தொழிலாளி. கொல்லன் வேலை முடித்து அன்று இரவே வீடு திரும்பிவிடுவான். கப்பல்தச்சன் மாதக்கணக்கில் அங்கேயே தின்று, தூங்கி, பழகி வாழ வேண்டும். 'அந்தக் கணமே' என்ற சொல்லை நடுக்கடலில் எந்தக் கணத்திலிருந்து எண்ணுவது?

இது பழங்கதை இல்லை என்பதை நான் என் வேலையில் தெரிந்துகொண்டேன். சோமாலியக் கொள்ளையர் மீன்பிடிக் கப்பல்களையும் மரக்கலங்களையும் பிடித்து, அதே ஆட்களை ஓட்டவைத்து, தாய்க்கப்பலாகப் பயன்படுத்தினார்கள். 2008 நவம்பர் 18 அன்று ஏடன் வளைகுடாவில் நம் கடற்படையின் ஐஎன்எஸ் தபார், மிரட்டிய ஒரு கொள்ளைக் கப்பலைத் தற்காப்புக்காகச் சுட்டு மூழ்கடித்தது என்று செய்தி வந்தது. நாங்களும் கப்பலில் கைதட்டினோம். ஒரு வாரத்தில் தெரிந்தது, அது அன்றுதான் கடத்தப்பட்ட தாய்லாந்துக்காரர்களின் மீன்பிடிக் கப்பல், 'எகாவத் நாவா 5'. மாலுமிகளைக் கட்டிப்போட்டிருந்தார்கள். பதினாறு பேரில் ஒரே ஒருவர், கம்போடியாக்காரர், ஆறு நாள் கடலில் மிதந்து பிழைத்தார். அங்கே மூன்று கேள்வி கேட்க நீதிமன்றம் இல்லை. 2011 ஜனவரி 28 அன்று லட்சத்தீவு அருகே 'பிரான்டலே 14' கப்பலில் இதுவே வேறு மாதிரி முடிந்தது. ஒன்பது மாதமாகக் கொள்ளையர் கையில் ஓடிய அந்தக் கப்பலிலிருந்து 15 கொள்ளையரைக் கைது செய்து, 20 மீனவர்களை நம் கடற்படை உயிரோடு மீட்டது.

அந்த வருடங்களில் கப்பல் கம்பெனிகள் ஆபத்துப் பகுதி என்று கோடு கிழித்த கடல், கிழக்கே 78 டிகிரி தீர்க்கரேகை வரை வந்துவிட்டது. தூத்துக்குடி கிடப்பதே ஏறக்குறைய அந்தக் கோட்டில்தான். வீட்டை விட்டுப் புறப்பட்டதுமே பயம் தொடங்கிவிடும். ஓரமெல்லாம் முள்கம்பிச் சுருள், தீயணைப்புக் குழாய்கள் வெளிப்பக்கம் பார்த்துக் கட்டியிருக்கும், கொள்ளையர் ஏறிவிட்டால் ஒளிந்துகொள்ள இன்ஜின் அறைப் பக்கம் ஓர் அறை.

2011 மார்ச்சில் ஒரு காலை. நான் அப்போது தேர்ட் மேட், அதாவது கப்பலின் மூன்றாம் நிலை அதிகாரி. எட்டு முதல் பன்னிரண்டு வரை என் வாட்ச். வலப்பக்கம் ஒரு மரக்கலம் தெரிந்தது, 'டவ்' என்போமே அது. ரேடியோவில் கூப்பிட்டேன், பதில் இல்லை. கேப்டனுக்குச் சொன்னேன், அவர் வந்து திசையை மாற்றச் சொன்னார். மாலுமிகளுக்கு மேஸ்திரியான போசன் அண்ணாச்சி மணப்பாட்டுக்காரர், அவருடைய அப்பா தோணியில் போனவர். அவரும் நானும் மாறி மாறிப் பைனாகுலரில் பார்த்தோம்.

பின்பக்கம் சுக்கான் அருகே ஒருவன் நின்றான். இரண்டு கையாலும் ஒரு பெரிய மீனைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டிக்கொண்டே இருந்தான். சூரை மாதிரி இருந்தது. தான் மீனவன் என்று காட்டுகிறான். உள்ளே வேறு யாராவது இருந்தார்களா, அவர்கள் தூக்கச் சொல்லித்தான் தூக்கினானா, எதுவும் தெரியவில்லை.

"என்ன அண்ணாச்சி, மீன்காரனா?" என்றேன்.

"மீன்காரன்தாம்ப்பா," என்றார் அவர். "அவன் மீன்காரன்தான். கீழ யாரு உக்காந்திருக்கான்னு அவனுக்குல்லா தெரியும்."

நாங்கள் வேகம் கூட்டி விலகினோம். அவன் உருவம் சிறுத்துப்போகும் வரை மீன் மேலேயே இருந்தது.

வாட்ச் முடியும்போது லாக் புத்தகத்தில் நான் எழுதியது இது: மணி 9.40. வலப்பக்கம் டவ் ஒன்று, 2 மைல். அழைப்புக்குப் பதில் இல்லை. சந்தேகத்துக்குரியது. திசை மாற்றி விலகினோம்.

மீனைப் பற்றி எழுதவில்லை.